போலி ஆன்டிவைரஸ்: அச்சத்தை விற்றவர்களின் வரலாறு



இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லி, அதற்கு மருந்து என்று ஒன்றை விலைபேசி, அந்த மருந்தாலேயே கணினியைக் கெடுத்த வணிகம் ஒன்று உலகெங்கும் கொழித்தது. அதுதான் போலி ஆன்டிவைரஸ். அதன் கதை வெறும் கணினிக் கதையன்று. ஆங்கிலம் அறியாத பெற்றோரும், ஆங்கிலம் படிக்கும் பிள்ளையும் ஒரே வீட்டில் வாழும் நம் குடும்பங்களின் கதையும் அதில் இருக்கிறது.

அச்சம் விளைந்த நிலம்

1986-இல் பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதிய 'பிரெயின்' என்னும் நச்சுநிரல் நெகிழ்வட்டுகள் வழியே பல நாடுகளுக்குப் பரவியது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் மணிலாவிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' நச்சுநிரல், காதல் கடிதம் போல மின்னஞ்சலில் வந்து உலகையே கலக்கியது. 'வைரஸ்' என்னும் சொல்லைக் கேட்டாலே அஞ்சும் நிலை உருவாயிற்று.

அதே காலத்தில்தான் கணினி நம் வீடுகளுக்குள் நுழைந்தது. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினி வழங்கப்பட்டது. ரப்பர் தோட்டங்களை விட்டு வெளியேறி ஈப்போவின் தாமான்களில் குடியேறிய பெற்றோர் பலர், பிள்ளையின் படிப்புக்கென்று தவணைமுறையில் கணினி வாங்கினர். பொருள் வந்துவிட்டது, அதைப் பற்றிய தெளிவு வருவதற்குள் ஏமாற்றுக்காரர்கள் வந்துவிட்டனர்.

கோடிகளை ஈட்டிய பொய்

இவ்வணிகத்தில் பெரும் பெயர் எடுத்தது 'இன்னொவேட்டிவ் மார்க்கெட்டிங்' என்னும் நிறுவனம். பதிவு பெலீசில்; அலுவலகம் உக்ரேனின் கீவ் நகரில். 'வின்ஃபிக்ஸர்', 'டிரைவ்கிளீனர்', 'எக்ஸ்பி ஆன்டிவைரஸ்' எனப் பல பெயர்களில் அது சரக்கை விற்றது. நற்பெயருள்ள அமைப்புகளின் விளம்பரம் என்று சொல்லி இணையத்தளங்களில் இடம் பிடித்து, பார்ப்போரைப் போலிச் சோதனைப் பக்கத்துக்கு இழுத்துச் சென்றது. 2008 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஏமாந்ததாக ஆணையம் கூறியது. 2010 மே மாதம் சிகாகோவில் மூவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 60-க்கு மேற்பட்ட நாடுகளில் 10 கோடி டாலருக்கு மேல் சுருட்டப்பட்டதாகக் குற்றப்பத்திரிகை சொன்னது.

2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய மூன்று கும்பல்களின் கணக்கேடுகளை ஆராய்ந்தனர். நச்சு நுழைந்த கணினிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டில் மட்டுமே பணம் செலுத்தப்பட்டிருந்தது. ஆயினும் மூன்று கும்பல்களும் சேர்ந்து 13 கோடி டாலருக்கு மேல் ஈட்டியிருந்தன. முறையிட்ட சிலருக்குப் பணத்தைத் திருப்பியும் கொடுத்தனர். இது நேர்மையன்று. முறையீடு பெருகினால் கடனட்டை நிறுவனங்கள் கதவைச் சாத்திவிடும் என்னும் அச்சமே காரணம். அச்சத்தை விற்றவர்களும் ஒன்றுக்கு அஞ்சினர்!

2011 ஜூன் மாதம் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து நடத்திய நடவடிக்கையில், 9 இலட்சத்து 60 ஆயிரம் பேரிடம் 7 கோடியே 20 இலட்சம் டாலர் பறித்த கும்பல் ஒன்று முடக்கப்பட்டது. பணம் செல்லும் வழி அடைபடவே, இவ்வணிகமும் தளர்ந்தது.

படிக்காமல் வைத்த கைநாட்டு

2009-இல் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு வந்தவர்கள். கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகன் அதைத் தட்டுத்தடுமாறிப் படித்து, "அப்பா, எல்லாம் அழிஞ்சிடுமாம், இப்பவே பணம் கட்டணுமாம்" என்று அழுதிருக்கிறான். அருகிலிருந்த பழுதுபார்ப்புக் கடையோ, அனைத்தையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடவேண்டும் என்றது. மூத்த மகளின் சடங்குப் படங்கள் யாவும் அந்தக் கணினியில்தான் இருந்தன. தந்தை அண்டை வீட்டாரின் கடனட்டையைக் கடன் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

"சார், நீங்க ஒரு தடவை பாருங்க" என்று அழைத்தார், சென்றேன். முழுக் கணினியையும் சோதிக்க மணிக்கணக்கில் ஆகும். அந்த மென்பொருளோ சில நொடிகளில் சோதித்துமுடித்து, நூற்றுக்கணக்கான நச்சுநிரல்கள் இருப்பதாகப் பட்டியலிட்டது. இணையக் கம்பியைப் பிடுங்கினேன். பாதுகாப்பு முறையில் கணினியைத் திறந்து, மெய்யான மென்பொருளால் துடைத்தோம். இரண்டு மணி நேரமானது. படங்கள் பிழைத்தன.

நம் முன்னோரை நினைத்துப் பார்க்கிறேன். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938-இல் நின்றது. அக்காலத்தில் எழுத்தறியாதோர், தாம் படிக்க இயலாத தாளில், இடையில் நின்றவர் சொன்னதை நம்பிக் கைநாட்டு வைத்தனர். இன்று அந்த இடையாள் நம் பிள்ளை. அவன் பொய் சொல்லவில்லை. திரையில் உள்ள பொய்யைப் படித்துக் காட்டுகிறான். பத்து வயதுப் பிள்ளையின் தோளில் இவ்வளவு பெரிய சுமையை ஏற்றலாமா?

கண்டறிவதும் களைவதும்

1. இணையப் பக்கம் எதுவும் உங்கள் கணினியின் உள்ளே புகுந்து சோதிக்க இயலாது. உலாவியில் தோன்றும் 'சோதனை' வெறும் படமே. ஆல்ட், எஃப்4 விசைகளைச் சேர்த்து அழுத்தி உலாவியை மூடுங்கள். மூடாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகியவற்றை அழுத்தி டாஸ்க் மேனேஜர் வழியாக நிறுத்துங்கள்.

2. பணம் செலுத்தாதீர்கள். திரையில் உள்ள தொலைபேசி எண்ணை அழைக்காதீர்கள்.

3. திரையின் மூலையில் எச்சரிக்கை அடிக்கடி எட்டிப்பார்த்தால், எப்போதோ ஒரு தளத்துக்கு 'அனுமதி' கொடுத்திருக்கலாம். உலாவியின் அமைப்பில் அறிவிப்புகள் பகுதிக்குச் சென்று, அறிமுகமில்லாத தளங்களை நீக்குங்கள்.

4. மென்பொருள் உள்ளே இறங்கிவிட்டால் இணையத்தைத் துண்டியுங்கள். விண்டோஸில் உள்ள மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் 'ஆஃப்லைன்' சோதனையை இயக்குங்கள். விண்டோஸ் முழுமையாகத் திறக்கும் முன்பே அது சோதிப்பதால், போலி மென்பொருள் விழித்தெழுந்து தடுக்க வழியில்லை.

5. கடனட்டை எண்ணையோ கடவுச்சொல்லையோ கொடுத்துவிட்டிருந்தால் உடனே வங்கியை அழையுங்கள்; வேறொரு கருவியில் கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால், 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி பதில் மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.

வேடம் மாறியது, வித்தை மாறவில்லை

2014-இல் 'வைரஸ் ஷீல்டு' என்னும் கைப்பேசிச் செயலியைப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் விலை கொடுத்து வாங்கினர். தட்டினால் அதன் படம் மாறுமே தவிர, வேறெதுவும் செய்யாது! கூகுள் பணத்தைத் திருப்பித் தந்தது. 2019-இல் 'ஆஃபிஸ் டிப்போ' என்னும் பெரிய கடைத்தொகுதியும் அதன் மென்பொருள் கூட்டாளியும் 3 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. இலவசக் கணினிச் சோதனை என்று சொல்லி, இல்லாத நச்சு இருப்பதாகக் காட்டிப் பழுதுபார்ப்பை விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆக, இந்தப் பொய்யைத் திருடர் மட்டுமே சொல்வதில்லை.

நம் நாட்டிலும் 2022-இல் வீடு துப்புரவுச் சேவை போல வேடமிட்ட செயலிகள் எட்டு வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்ததை ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர்.

ஆசிரியர்களே, வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்லிக்கொடுங்கள். பெற்றோர்களே, "திரையில் பயமுறுத்தும் எழுத்து வந்தால் எதையும் தட்டாதே, என்னைக் கூப்பிடு, நான் திட்டமாட்டேன்" என்று பிள்ளையிடம் இன்றே சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. தெரிந்தவரிடம் கேட்கும் வரை காத்திருக்கத் தெரிந்தால் போதும்.