கையொப்பத்திற்கு முந்திய காலம்

ஒரு நிறுவனத்தின் ஐந்தொகைக்குக் கீழே காணப்படும் கணக்காய்வாளரின் கையொப்பம் ஒருவருக்குரியது. அக்கையொப்பத்திற்கு முன் நிகழும் உழைப்போ பலருக்குரியது. பேரேட்டைப் புரட்டி ஒவ்வொரு பதிவையும் பற்றுச்சீட்டோடு ஒத்துப் பார்ப்பவர், நெடும் பத்திகளின் கூட்டல்களைச் சரிபார்ப்பவர், பண்டகசாலைக்குள் நின்று மூட்டைகளை எண்ணுபவர், பணப்பெட்டியின் கையிருப்பை எண்ணிக் குறித்துக்கொள்பவர் ஆகியோர் பெரும்பாலும் பயிற்சியிலிருக்கும் இளைஞரே ஆவர். பயிற்சியை நிறைவு செய்து தேர்விலும் வெற்றி பெற்ற பின்னர்கூட, உறுப்பினர் பதிவேட்டில் பெயர் ஏறும் வரையில் அவர்கள் நிலை ஒரு வகையில் விந்தையானதே. வேலை முழுவதையும் அவர்கள் செய்யலாம். கையொப்பம் மட்டும் இடலாகாது. இந்த இடைக்காலத்தில் அவர்களுக்குரிய உரிமை யாது, தடை யாது என்னும் வினா, அத்தொழில் தோன்றிய நாள்தொட்டுத் தொடர்ந்து வருவதாகும்.

இத்தகைய படிநிலை தமிழர்க்குப் புதியதன்று. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளில் ஒரு சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, ஏவிய வேலைகளைச் செய்துகொண்டே கணக்கெழுதக் கற்றான். பின்னர் அடுத்தாளாக உயர்ந்தான். தேர்ச்சியும் நம்பிக்கையும் பெற்ற பிறகே மேலாளாகவும் முகவராகவும் அமர்ந்தான். முகவரிடம் முதலாளி எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் இருந்தது. கடையின் விலாசத்தால் கடன் கொடுக்கவும் வாங்கவும் அவருக்கு உரிமை அளித்தது அப்பத்திரமே. அடுத்தாள் எத்துணைக் கெட்டிக்காரனாக இருந்தாலும் அப்பத்திரம் இல்லாதவன். அங்கே தேர்வும் இல்லை, பதிவேடும் இல்லை. ஒரு முதலாளியின் நம்பிக்கையே அனைத்தையும் முடிவு செய்தது. மேலைநாட்டில் உருவான கணக்காளர் தொழிலோ அந்த நம்பிக்கையைத் தனிமனிதரிடமிருந்து எடுத்து ஒரு சங்கத்தின் கையில் வைத்தது. வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

1854 ஆம் ஆண்டு எடின்பரோ நகரக் கணக்காளர் சங்கம் அரச பட்டயம் பெற்றது. மறு ஆண்டே கிளாஸ்கோ நகரத்தார் தம் சங்கத்திற்கும் பட்டயம் பெற்றனர். இங்கிலாந்தில் 1880 இல்தான் பல சங்கங்கள் ஒன்றிணைந்து பட்டயக் கணக்காளர் கழகம் என ஒரே அமைப்பாயின. அக்கழகம் 1882 இல் தேர்வுகளை நடத்தத் தொடங்கியது. அதனுள் நுழைய விரும்பும் இளைஞன் ஓர் உறுப்பினரிடம் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு ஐந்தாண்டுகள் பயிற்சி எழுத்தனாக இருத்தல் வேண்டும். பட்டதாரிக்கு மூன்றாண்டுகள் போதும். ஊதியம் பெற்றுப் பயின்றான் என்று எண்ணிவிடக்கூடாது. அவன் தந்தையார்தாம் பயிற்சி தருபவருக்குக் காணிக்கை செலுத்தினார். அத்தொகை நூற்றுக்கணக்கான கினி வரை சென்றதுண்டு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அக்கதவு திறக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பெண்ணுக்கும் அது திறக்கவில்லை. மேரி ஹாரிஸ் சுமித் என்னும் அம்மையார் 1887 முதல் இலண்டனில் கணக்காளராகத் தொழில் செய்து வந்தார். 1891 இல் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். பெண் என்னும் ஒரே காரணத்தால் மறுக்கப்பட்டார். பெண்களுக்கிருந்த தடைகளை நீக்கும் சட்டம் 1919 இல் இயற்றப்பட்ட பின், 1920 இல் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. அப்போது அவர் முதுமை எய்தியிருந்தார். இடையில் கழிந்த ஏறக்குறைய முப்பதாண்டுகளிலும் அவர் கணக்குப் பார்க்காமல் இருந்தாரல்லர். பார்த்தார், ஆனால் கழகத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ள இயலாதவராகவே பார்த்தார்.

இந்தியாவில் இத்தொழில் சட்டத்தின் வழியே வேரூன்றியது. 1913 ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், கணக்காய்வாளருக்குத் தகுதி வேண்டும் என முதன்முதலாக வரையறுத்தது. மாகாண அரசுகள் அதற்கான சான்றிதழ்களை வழங்கின. 1918 இல் பம்பாயில் அரசுக் கணக்கியல் பட்டயம் என்னும் தகுதி ஏற்படுத்தப்பட்டது. தேர்வில் வெற்றி பெறுவதோடு, அங்கீகாரம் பெற்ற கணக்காளர் ஒருவரிடம் மூன்றாண்டுப் பயிற்சியும் பெறுதல் வேண்டும் என்பது அதன் விதி. பின்னர், நாடு முழுவதற்கும் ஒரே பதிவேட்டை மைய அரசு வைத்திருக்கும் வகையில் 1932 இல் கணக்காய்வாளர் சான்றிதழ் விதிகள் வெளியாயின. பதிவேட்டில் பெயர் உள்ளவர் பதிவு பெற்ற கணக்காளர் எனப்பட்டார். இவ்வாறு கற்றல் ஒன்று, பதிவு மற்றொன்று என்னும் பிரிவு அரசின் கையாலேயே எழுதப்பட்டுவிட்டது. அப்பிரிவின் கூர்மையை நேரில் உணர்ந்தவர் சென்னையைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண்மணி.

ஆர். சிவபோகம் அம்மையார் 1907 இல் பிறந்தவர். சென்னை இராணி மேரிக் கல்லூரியில் பயின்றவர். இளம் விதவையரின் கல்விக்காக வாழ்நாளை ஈந்த சகோதரி சுப்புலட்சுமியின் அரவணைப்பில் வளர்ந்த மாணவியருள் ஒருவர். விடுதலை இயக்கத்தில் அந்நியப் பொருள் மறுப்பில் ஈடுபட்டு ஓராண்டு வேலூர்ச் சிறையில் இருந்தார். வெளிவந்த பின்னர், பெண்கள் எவரும் நுழையாதிருந்த கணக்கியல் துறையைத் தேர்ந்துகொண்டார். ஆசிரியப் பணியும் மருத்துவப் பணியுமே படித்த பெண்டிர்க்கு உரியவை எனக் கருதப்பட்ட காலம் அது. சென்னையில் பெயர் பெற்ற கணக்காய்வாளராக விளங்கிய சி. எஸ். சாஸ்திரி அவரைப் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டார். இவ்விடத்தில் அந்தப் பெரியவரையும் பாராட்டியே தீரவேண்டும். பயிற்சி தர ஒருவர் முன்வராவிடின் தேர்வறையின் வாயிலைக்கூட அம்மாணவி அடைந்திருக்க முடியாது.

1933 இல் சிவபோகம் அரசுக் கணக்கியல் பட்டயத் தேர்வில் வெற்றி பெற்றார். அத்தேர்வில் வெற்றி கண்ட முதற் பெண் அவரே. ஆனால் அவர் சொந்தமாகத் தொழில் தொடங்கியது 1937 இல்தான். சிறைத் தண்டனை பெற்றவர் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாகாது என்னும் தடை குறுக்கே நின்றது. கற்றதில் குறையில்லை, பயிற்சியில் குறையில்லை, தேர்ச்சியிலும் குறையில்லை. நாட்டுக்காகச் சிறை சென்றது ஒன்றே குறையாகிவிட்டது. அவர் வாளாவிருக்கவில்லை. தடையை எதிர்த்து நீதிமன்றத்தை நாடினார். தீர்ப்பு அவர் பக்கமே அமைந்தது. நன்னடத்தையை உறுதி செய்வதற்கென ஏற்பட்ட ஒரு விதி, நேர்மையில் எவருக்கும் பின்வாங்காத ஒருவரையே வாயிலில் நிறுத்தியது என்பதை வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ளல் தகும். பதிவேடு பொதுமக்களைக் காக்கும் வேலி என்பது உண்மை. அவ்வேலியை ஆட்சியாளர் தம் பகைவர்மீது பயன்படுத்தவும் கூடும் என்பதும் உண்மையே.

நாடு விடுதலை பெற்ற பின் இந்நிலை மாறியது. 1949 ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம் அவ்வாண்டு ஜூலை 1 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அரசின் பதிவேடு, தொழிலினரின் சொந்தக் கழகத்தின் பதிவேடாயிற்று. ஜி. பி. கபாடியா அதன் முதல் தலைவரானார். அன்று வாயிலில் நிறுத்தப்பட்ட சிவபோகம் அம்மையார் 1955 முதல் 1958 வரை அக்கழகத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். தேர்வில் சிறந்து விளங்கும் பெண்ணுக்கு அவர் பெயரால் பரிசு வழங்கும் வழக்கமும் ஏற்பட்டது.

புதிதாகத் தேர்ச்சி பெற்றோரின் உரிமையை இந்த 1949 ஆம் ஆண்டுச் சட்டம் நுணுக்கமாக வரையறுக்கிறது. ஆழ்ந்து நோக்கினால் அதில் மூன்று வாயில்கள் தென்படும். தேர்வும் பயிற்சியும் முடித்தவர் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திப் பதிவேட்டில் இடம் பெறுவது முதல் வாயில். அதன் பின்னரே அவர் பட்டயக் கணக்காளர் என்று தம்மைக் கூறிக்கொள்ளலாம். அதற்கு முன் அப்பெயரைச் சூடிக்கொள்வது குற்றமாகும். முதன்முறை ஆயிரம் ரூபாய் வரை தண்டம் விதிக்கத் தொடக்கத்திலேயே சட்டம் இடம் தந்தது. உறுப்பினரானவர் பொதுமக்களுக்குத் தொழில் புரிவதற்கான சான்றிதழைப் பெறுவது இரண்டாம் வாயில். ஒரு நிறுவனத்தில் ஊதியத்திற்குப் பணியாற்றும் உறுப்பினருக்கு அச்சான்றிதழ் தேவையில்லை. தனியே பலகை மாட்டித் தொழில் தொடங்குவதாயின் அது இன்றியமையாதது. ஐந்தாண்டுகள் இடைவிடாது தொழில் செய்தவர் மூத்த உறுப்பினர் நிலைக்கு உரியவராவது மூன்றாம் வாயில்.

இவற்றுள் 26 ஆம் பிரிவே இக்கட்டுரைக்கு உயிர் போன்றது. தொழில் புரியும் பட்டயக் கணக்காளரின் சார்பில், அவர்தம் தொழில் தகுதியில், உறுப்பினரல்லாத எவரும் எந்த ஆவணத்திலும் கையொப்பமிடலாகாது என்கிறது அப்பிரிவு. கையொப்பமிட்டவர் மட்டுமா குற்றவாளி? இடுவித்தவரும் தப்ப முடியாது. தம் பங்காளியல்லாத ஒருவரை ஐந்தொகையிலோ இலாப நட்டக் கணக்கிலோ தமக்காகக் கையொப்பமிட அனுமதித்தால், அது தொழில்முறைத் தவறு எனச் சட்டத்தின் முதல் அட்டவணை குறிப்பிடுகிறது. ஆசிரியப் பயிற்சி மாணவர் வகுப்பு முழுவதையும் நடத்தலாம், விடைத்தாள் திருத்தலாம். மதிப்பெண் ஏட்டில் ஒப்பமிடுபவர் வகுப்பாசிரியரே அல்லரோ? அதனினும் கடுமையானது இவ்விதி.

அப்படியாயின் தேர்ச்சி பெற்றும் பதிவு பெறாதவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா? அன்று. தொழிலகங்களின் கணக்குப் பிரிவில் அவர் பணியாற்றலாம். கணக்காய்வாளர் அலுவலகத்தில் துணைவராக இருந்து ஆய்வுப் பணியை நடத்தலாம். வருமானவரித் துறையிலோ எதிர்பாராத ஒரு வாயிலும் இருந்தது. வரி அலுவலர் முன்னிலையில் பிறர்க்காகத் தோன்றி வாதாடும் உரிமையைப் பட்டயக் கணக்காளருக்கும் வழக்கறிஞருக்கும் மட்டுமே உரியதாக்காமல், அங்கீகாரம் பெற்ற கணக்கியல் தேர்வில் தேறியோருக்கும் 1961 ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம் வழங்கியது. சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் இவ்வகையில் பிழைப்பு நடத்தியோர் உண்டு. ஆனால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் விற்பனை உடைய வணிகர்க்கு வரிக் கணக்காய்வு கட்டாயம் என்னும் விதி 1984 இல் வந்தபோது, அவ்வறிக்கையில் ஒப்பமிடும் உரிமை மீண்டும் பதிவேட்டில் உள்ளவரிடமே சென்று சேர்ந்தது.

காணிக்கைப் பழக்கம் என்னவாயிற்று என்று கேட்போர்க்கும் விடை உண்டு. 1988 ஆம் ஆண்டு வெளியான கழக விதிகள் பயிற்சியாளரிடம் காணிக்கை பெறுவதைத் தடை செய்ததுடன், அவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்குவதையும் கட்டாயமாக்கியுள்ளன. தொகை சிறிதே ஆயினும் திசை மாறிவிட்டது. 2023 இல் நடைமுறைக்கு வந்த புதிய கல்வித் திட்டம் மூன்றாண்டுப் பயிற்சியை இரண்டாண்டாகக் குறைத்தது.

நம் நாட்டில் இவ்வினாவுக்குக் கிடைத்த விடை சற்று வேறானது. 1958 இல் மலாயாவில் கணக்காளர் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. 1967 ஆம் ஆண்டின் கணக்காளர் சட்டம் மலேசியக் கணக்காளர் கழகத்தை நிறுவியது. எனினும் ஏறக்குறைய இருபதாண்டுகள் அது பெயர்களைப் பதிவு செய்வதோடு அமைந்து, 1987 இல்தான் முழு அளவில் செயற்படத் தொடங்கியது. இச்சட்டத்தில் ஒரு தாராளம் உண்டு. தகுதித் தேர்வில் தேறியவர் மூன்றாண்டு நடைமுறை அனுபவத்தைக் கணக்காளர் ஒருவரின் அலுவலகத்தில்தான் பெறுதல் வேண்டும் என்பதில்லை. அரசுத் துறையிலும் வங்கியிலும் காப்புறுதி நிறுவனத்திலும் நகராட்சியிலும்கூட அதைப் பெறலாம். பயிற்சி தர முன்வரும் ஒரு பெரியவரைத் தேடி அலையும் நிலை இதனால் பெரிதும் குறைந்தது. தோட்டப்புறத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற பிள்ளைக்கு, தெரிந்தவர் எவரும் இல்லாத நகரத்தில், இது சிறிய சலுகையன்று. அம்மூன்றாண்டுகளில் அவர் கணக்கெழுதலாம், வரவு செலவுத் திட்டம் வகுக்கலாம், ஆய்வுக்குழுவில் பணியாற்றலாம். கணக்காளர் என்று தம்மைப் பொதுமக்களுக்கு அறிவித்துக்கொண்டு தொழில் நடத்துவதை மட்டும் சட்டம் தடுத்தது.

2001 இல் சட்டம் திருத்தப்பட்டுக் கழக உறுப்பினருக்குப் பட்டயக் கணக்காளர் என்னும் பெயர் வழங்கலாயிற்று. அப்பெயரைப் பெற்றவரும் உடனே நிறுவனங்களின் கணக்காய்வு அறிக்கையில் ஒப்பமிட்டுவிட முடியாது. அதற்கு நிதியமைச்சின் தனி ஒப்புதல் வேண்டும் என 1965 ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் விதித்தது. அதன் இடத்தில் வந்த 2016 ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த ஒப்புதலை அவ்வாறே வேண்டி நிற்கிறது.