குறைவும் குறைப்பும்: ஓர் அறிவியற் சொல்லின் வரலாறு

கவிஞர்கள் கூடும் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அறிவியற் சொல் ஒன்றைப் பற்றி எழுத வந்தமைக்கு முதற்கண் காரணம் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கலைச்சொல்லாக்கப் பணிமனை ஒன்றில் தமிழ்த்துறையின் சார்பில் அமர்ந்திருந்தேன். இயற்பியல், வேதியியல், புவியியல், மருத்துவம் எனத் துறைக்கொருவர் வந்திருந்தனர். நால்வர் பட்டியலிலும் ஓர் ஆங்கிலச் சொல் பொதுவாக நின்றது: டிப்ளீஷன். அதற்கு நேரே எழுதியிருந்த தமிழோ வெவ்வேறு. இயற்பியலார் ‘இயக்கமில்லாப் பகுதி’ என்றார். வேதியியலார் ‘சிதைவு’ என்றார். புவியியலார் ‘குறைவு’ என்றார். மருத்துவர் ‘இழப்பு’ என்றார். தலைமை வகித்த பெரியவர், “ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்பதுதானே விதி? எல்லாவற்றுக்கும் குறைவு என்றே போட்டுவிடலாமே, அம்மா” என்று என்னைப் பார்த்தார். எனக்கு உடனே விடை கூறத் தெரியவில்லை. தவணை கேட்டுக்கொண்டு திரும்பினேன். அத்தவணையில் தேடியவற்றின் ஒரு பகுதியே இக்கட்டுரை.

இலத்தீனில் ‘ப்ளேரே’ என்பது நிறைத்தலைக் குறிக்கும். அதன்முன் ‘டே’ என்னும் ஒட்டுச் சேர்ந்தால் நிறைந்திருப்பதை வெளியேற்றி வெறுமையாக்குதல் என்று பொருள்படும். தமிழில் நிறை, குறை என்னும் இரண்டும் எதுகையாய் அமைந்திருப்பதைக் கவிஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயின் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. இலத்தீன் வினை, ஒரு பொருள் தானே குறைவதைச் சொல்லவில்லை. ஒருவர் ஒன்றை வெறுமையாக்குவதைச் சொல்கிறது.

இவ்வேறுபாட்டைத் தமிழ் தன்வினை, பிறவினை என்று பிரித்துக் காட்டும். குறைதல் ஒன்று, குறைத்தல் மற்றொன்று. இவற்றினின்று பிறக்கும் பெயர்களும் வேறு: குறைவு, குறைப்பு; அழிவு, அழிப்பு; தேய்வு, தேய்ப்பு. ‘இறப்பு’ போன்றவை இதற்கு அடங்கா என்பதை அறிவேன். எனினும் இவ்விணைகளில் ‘வு’ என்று முடிந்தால் செய்தவர் இல்லை, ‘ப்பு’ என்று முடிந்தால் செய்தவர் உண்டு. ஆங்கிலச் சொல்லில் இவ்விரண்டும் ஒரே போர்வைக்குள் கிடக்கின்றன. மொழிபெயர்ப்பவர் போர்வையை விலக்கித்தான் ஆகவேண்டும்.

இச்சொல் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் நுழைந்தது மருத்துவத்தின் வாயிலாக. அதன் தொடக்கப் பொருள், நாம் இன்று சற்றும் எதிர்பாராத ஒன்று: குருதி வடித்தல். கிரேக்க, உரோமானிய மரபில் வந்த மருத்துவம், சிறப்பாகக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலனின் வழி, உடலைக் குருதி, கோழை, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்மங்களின் சமநிலையாகக் கண்டது. காய்ச்சல் என்பது மிகை; மிகைக்கு மருந்து வெளியேற்றல். ஆகவே டிப்ளீஷன் என்பது அன்று நோயன்று, நோய்க்குச் செய்யும் பண்டுவம். அதனை வேண்டிக் கேட்டோர் உண்டு. அதற்குக் கூலியும் கொடுத்தனர்.

1793இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மஞ்சட்காய்ச்சல் பரவியது. ஏறத்தாழ 50,000 மக்கள் வாழ்ந்த நகரில் சுமார் 5,000 பேர் மாண்டனர். விடுதலை அறிக்கையில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான பெஞ்சமின் ரஷ் என்னும் மருத்துவர், வசதி படைத்தோர் பலர் நகரை விட்டு அகன்ற நிலையிலும் அங்கேயே தங்கி நோயாளரைப் பார்த்தார். பார்த்தவர்களுக்கெல்லாம் குருதி வடித்தார். தமக்குக் காய்ச்சல் கண்டபோது தமக்கும் வடிக்கச் செய்தார். அவருடைய துணிவிலும் நேர்மையிலும் ஐயமில்லை. பிழை கணக்கில் இருந்தது. மனித உடலில் உள்ள குருதியை உண்மை அளவைவிட ஏறத்தாழ இருமடங்காக அவர் மதிப்பிட்டிருந்தார். இருப்பு எவ்வளவு என்று அறியாதவர், எடுப்பது மிகுதி என்பதை எங்ஙனம் உணர்வார்?

ஆறாண்டுகள் கழிந்து, 1799 டிசம்பர் 14ஆம் நாள், ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை நோயால் இறந்தார். இறப்பதற்கு முந்திய சில மணி நேரத்தில் அவர் உடலினின்று எடுக்கப்பட்ட குருதி 2 லிட்டருக்கும் மிகுதி. அதனாலேயே இறந்தாரா என்பது இன்னும் முடியாத வழக்கு. நாம் அதற்குள் புக வேண்டியதில்லை. பாரிசில் பியர் லூயி என்னும் மருத்துவர் நிமோனியா நோயாளரிடையே முன்னரே குருதி வடிக்கப்பட்டவர் எத்தனை பேர், பின்னர் வடிக்கப்பட்டவர் எத்தனை பேர், பிழைத்தவர் எவர் என்று பொறுமையாக எண்ணி, 1835இல் நூலாக வெளியிட்டார். இம்மருத்துவத்தின் பயன், நம்பப்பட்டதைவிட மிகச் சிறிது என்று அந்த எண்ணிக்கை காட்டியது. வழக்கம் உடனே மறையவில்லை. இலண்டனில் 1823இல் தொடங்கிய புகழ்பெற்ற மருத்துவ இதழ் இன்றும் ‘லான்செட்’ என்னும் பெயரிலேயே வருகிறது. குருதி வடிக்கும் சிறு கத்திக்கும் அதுவே பெயர்.

இக்காலப் பதிவுகளில் ஒன்று தெளிவு. குறைப்பு இருந்த இடத்திலெல்லாம் குறைத்தவர் இருந்தார். அவருக்குப் பெயரும், கையில் கத்தியும், கீழே அளவுக் கோடிட்ட கிண்ணமும் இருந்தன. எவ்வளவு, எப்போது, யாரால் என்னும் மூன்றும் எழுதப்பட்டன. இச்சொல் உடலை விட்டு நிலத்துக்குப் பெயர்ந்தபோதுதான் செய்தவர் மங்கத் தொடங்கினார்.

மங்கியது ஒரே நாளில் அன்று. 1840இல் வேளாண் வேதியியல் பற்றி நூல் எழுதிய யுஸ்டுஸ் லீபிக், விளைச்சலோடு மண்ணின் சத்தும் நகரங்களுக்குப் போய்த் திரும்பாமல் ஒழிவதைக் கண்டு, பின்னாளில் அதற்கு இட்ட செருமானியப் பெயரின் முற்பகுதிக்குக் கொள்ளை என்பதே பொருள். கொள்ளை என்றால் கொள்ளையர் உண்டு. அது கசப்பான சொல். ஆங்கிலம் மென்மையான சொல்லைத் தேர்ந்துகொண்டது.

முற்றிலும் மறைந்தது கணக்கேட்டில். சுரங்கமும் எண்ணெய்க் கிணறும் எடுக்க எடுக்கத் தீர்வன. இயந்திரத்தின் மதிப்புக் குறைவதற்குத் ‘தேய்மானம்’ என்று அழகாகச் சொல் அமைத்துக்கொண்ட நாம், இதற்குத் ‘தீர்மானம்’ என்று அமைக்க இயலாமற் போயிற்று; அச்சொல் வேறு வேலையில் அமர்ந்துவிட்டது! அமெரிக்க வருமான வரிச் சட்டம் 1926இல் எண்ணெய் எடுப்போர்க்கு, எண்ணெயால் வரும் மொத்த வருவாயில் 27.5 விழுக்காட்டை இத்தீர்வின் பெயரால் வரியினின்று கழித்துக்கொள்ள இசைவளித்தது. கிணற்றுக்கு இட்ட முதல் முழுதும் மீண்ட பின்னரும் கழிக்கலாம். 1969இல் அது 22 ஆகக் குறைந்தது. 1975இல் பெருநிறுவனங்களுக்கு எண்ணெய் வருவாயின்மேல் இச்சலுகை நீங்கியது. அரை நூற்றாண்டு காலம், எடுத்தவரே இழந்தவராகக் கருதப்பட்டு ஈடு பெற்றார். இலக்கணத்தில் எழுவாயும் செயப்படுபொருளும் இவ்வளவு இசைவாக இடம் மாறிக்கொண்ட வேறோர் இடத்தை நான் கண்டதில்லை.

இயற்பியலாரின் பயன்பாட்டை இவற்றோடு சேர்த்து எண்ணுதல் தவறு. அது உண்மையாகவே தன்வினை. சிலிக்கன் படிகத்தில் ஒருபுறம் எலெக்ட்ரான் மிக்க பகுதி, மறுபுறம் எலெக்ட்ரானுக்கு இடம் காத்திருக்கும் பகுதி. அவ்விடங்களைத் துளை என்பர். இரண்டும் சேரும் எல்லையில் எலெக்ட்ரான்கள் தாமே கடந்து துளைகளை நிரப்புகின்றன. எல்லையின் இருபுறமும் ஊர்திகள் ஒழிந்த மெல்லிய அடுக்கு ஒன்று தோன்றுகிறது. ஆனால் அங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நகர இயலாத அயனிகள் நேர், எதிர் மின்னேற்றத்தோடு அங்கேயே நிற்கின்றன. அவற்றால் உண்டாகும் மின்புலம், மேலும் எவரும் கடக்காதபடி தடுத்துவிடுகிறது. வெறுமை தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஓரளவோடு நின்றும் விடுகிறது. ஒருவழி மட்டும் மின்னோட்டம் செல்ல விடும் டையோடு இதனால் இயங்குகிறது. சூரிய ஒளியால் விடுபட்ட மின்னேற்றங்களைப் பிரித்து அனுப்பி மின்சாரம் தருவதும் இந்த அடுக்கின் மின்புலமே. ‘இயக்கமில்லாப் பகுதி’ என்னும் வழக்கைக் கேட்டு முதலில் முகம் சுளித்தேன். அத்தனை இயக்கத்துக்கும் காரணமான இடத்துக்கு அப்பெயர் பொருந்துமா என்ற என் ஐயம் இன்னும் தீரவில்லை. இங்கே குறைத்தவர் எவருமில்லை, குறைப்பு என்பது பொருந்தாது என்பதில் மட்டும் ஐயமில்லை.

யுரேனியத்தின் நிலை வேறு. இயற்கையில் 0.7 விழுக்காடே உள்ள 235 என்னும் வகையைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் உலோகத்தில் அது 0.2, 0.3 என்னும் அளவுக்கு இறங்கிவிடும். இவ்வெச்சத்தை வறிதான யுரேனியம் என்கிறார்கள். அணு உலை நோக்கில் அது வறிது. ஈயத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு அடர்ந்த அவ்வுலோகம் 1991 வளைகுடாப் போரில் கவசந் துளைக்கும் குண்டுகளாயிற்று.

இனி வேதியியலாரின் பட்டியலுக்கு வருவோம். வளிமண்டலத்தில் உள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக்குக் கொணர்ந்து அமுக்கினால் அதன் தடிப்பு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். குளிர்பெட்டிக்கும் தெளிப்பான்களுக்கும் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் உயரே சென்று சிதைந்து, விடுபடும் குளோரின் தான் அழியாமலே ஓசோனை அழிக்கும் என்று மாரியோ மொலீனாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எழுதினர். உற்பத்தியாளர் சான்று கேட்டனர். 1985 மே மாதம் ஜோசப் பார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் ஆகிய மூவரும் அண்டார்ட்டிகாவின் ஹாலி விரிகுடாவில் 1950களின் பிற்பகுதி முதல் எடுத்துவந்த அளவுகளை வெளியிட்டனர். அக்டோபர்த் திங்களில் 3 மில்லிமீட்டராக இருந்தது 1984இல் 2 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. அவர்கள் கட்டுரையின் தலைப்பு இதனை இழப்பு என்றே குறித்தது. அளந்தவர்க்கு அது நேரிய சொல்.

1987 செப்டம்பர் 16ஆம் நாள் மாண்ட்ரீல் நகரில் கையொப்பமான உடன்படிக்கையின் பெயரை ஒருமுறை நிறுத்திப் படிக்க வேண்டுகிறேன். ஓசோன் குறைவு பற்றிய உடன்படிக்கை என்று அதற்குப் பெயரிடவில்லை. ஓசோன் படலத்தைக் குறைக்கும் பொருள்கள் பற்றிய உடன்படிக்கை என்றே பெயர். மங்கியிருந்த எழுவாய், முழுவதும் இல்லாவிடினும், திரும்பிவந்தது. குறைக்கும் பொருள்கள் எவை என்று பட்டியல் இணைக்கப்பட்டது. பட்டியல் இருந்ததால் அவற்றைச் செய்பவர் எவர், எந்த ஆண்டுக்குள் எவ்வளவு நிறுத்த வேண்டும் என்பனவெல்லாம் கேட்கக்கூடிய வினாக்களாயின. 1992இல் இந்தியாவும் இணைந்தது. அண்டார்ட்டிகாவின் மேலே ஓசோன் 1980இன் நிலையை 2066ஆம் ஆண்டளவில் எட்டக்கூடும் என்று 2022இன் பன்னாட்டு மதிப்பீடு கூறியது. தலைப்பின் இலக்கணம் மட்டுமே இதனைச் செய்துவிட்டது என்று கூறினால் நகைப்பீர்கள். மாற்றுப் பொருள்கள் கிடைத்தன, செய்த நிறுவனங்கள் சிலவே. எனினும் தன்வினையில் எழுதப்பட்ட உடன்படிக்கை எவரைக் கட்டுப்படுத்தியிருக்கும்?

நிலத்தடி நீருக்கு அத்தகைய வாக்கியம் இன்னும் அமையவில்லை. உலகில் நிலத்தடி நீரை மிகுதியாக எடுக்கும் நாடு இந்தியா. ஆண்டுக்கு ஏறத்தாழ 250 கன கிலோமீட்டர். 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் என்னும் இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்து, அவ்விடைவெளி நுண்ணிதின் மாறுவதைக்கொண்டு கீழே நிலத்தின் எடை மாறுவதை அளந்தன. அவ்வளவையினின்று, 2002 முதல் 2008 வரை இராசத்தான், பஞ்சாப், அரியானா பகுதியில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் இல்லாமற் போயிற்று என்று 2009இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். ரஷ்ஷுக்கு வாய்க்காத கருவி நமக்கு வாய்த்திருக்கிறது; எடுக்கப்பட்டது எவ்வளவு என்று விண்ணிலிருந்தே சொல்லிவிடுகிறது. யார் எடுத்தது என்று அது சொல்லாது. உழவரை மட்டும் சுட்டுதலும் நேர்மையன்று. நெல்லுக்கு விலை உறுதி செய்தது யார், மின்சாரத்தைக் கட்டணமின்றிக் கொடுத்தது யார், அந்த அரிசியை உண்டது யார் என்று எழுவாய் நீண்டுகொண்டே போகும். ‘கிணறு வற்றிவிட்டது’ என்னும் நம் பேச்சு வழக்கில் அவர்களுள் ஒருவரும் இல்லை.

என் பரிந்துரையை அனுப்பி வைத்தேன். மின்னணுவியலுக்கு ‘வெறுமை அடுக்கு’. ஓசோனுக்கும் நிலத்தடி நீருக்கும் ‘குறைப்பு’. பல திங்கள் கழித்து அச்சுப்படி வந்தது. ஓசோனுக்கு நேரே குறைப்பு என்றிருந்தது. நிலத்தடி நீருக்கு நேரே குறைவு என்றிருந்தது. தலைமை வகித்த பெரியவரைத் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்டேன். “ஓசோனை எங்கோ இருப்பவர்கள் குறைத்தார்கள், அம்மா. தண்ணீருக்கு அப்படிப் போட்டால் படிக்கிறவர்கள் தங்களைச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்களே” என்றார். அவர் வீட்டில் ஆழ்துளைக் கிணறு உண்டு. என் வீட்டிலும் உண்டு. அதனை இரண்டாம் முறை ஆழப்படுத்தியது அந்த ஆண்டில்தான்.