தொலைவிலிருந்து தாழ் திறப்போர்

ஆண்டுக்கொரு முறை ஊர் திரும்பும் நம்மவர்களுள் வயது முதிர்ந்தோர்க்குக் கைகாட்டி மரம் நன்கு நினைவிருக்கும். டில்லியிலிருந்தோ நாகபுரியிலிருந்தோ தெற்கே வரும் வண்டி நிலையத்துக்கு வெளியே நின்றுவிட்டால், பிரயாணிகள் சன்னல் வழியே தலையை நீட்டி, அக்கை எப்பொழுது தாழும் என்று பார்த்திருப்பர். கேபினில் நிற்பவர் நெம்புகோலை இழுப்பார், நெடுந்தூரம் ஓடும் கம்பி அசையும், கை தாழும். கேபினிலிருந்து கை கண்ணுக்குத் தெரியாத இடங்களில், அது மெய்யாகவே தாழ்ந்ததா என்பதைக் காட்டும் சிறு கருவியொன்றை அவர் எதிரிலேயே வைத்திருந்தனர். நெம்புகோலை இழுத்தாயிற்று என்பது ஒன்று. கை தாழ்ந்துவிட்டது என்பது மற்றொன்று. ரயில்வேயார் நெடுநாள் முன்னரே உணர்ந்திருந்த இவ்வேற்றுமையைக் கணிப்பொறி வலையமைப்புகளை ஆள வந்தவர்களும் கற்க நேர்ந்தது. அவர்களுக்கு வாய்த்த இடரோ இன்னும் ஒரு படி கடியது. நெம்புகோலின் கம்பி தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தனியே ஓடியது. இவர்களுடைய கட்டளை, எந்தப் பாதையைத் திருத்தப் புறப்பட்டதோ அந்தப் பாதையிலேயே பயணம் செய்ய வேண்டியதாயிற்று.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது. 'இன்டர்ஃபேஸ்' என்பது மொழிபெயர்ப்பு மேசைக்கு வரும்போதெல்லாம் 'இடைமுகம்' என்று எழுதி வருகிறோம். எனக்கு 'வாயில்' என்ற சொல்லிலேதான் விருப்பம். ஆனால் 'கேட்வே' என்பது முந்திக்கொண்டு அதனை எடுத்துக்கொண்டுவிட்டது. ரௌட்டர், ஸ்விட்ச் முதலிய கருவிகளில் கம்பியோ ஒளியிழையோ வந்து பொருந்தும் ஒவ்வொரு வாயும் ஓர் இடைமுகம். அது திறந்திருக்க வேண்டுமா, எந்த முகவரியைத் தாங்க வேண்டும், எந்த வேகத்தில் இயங்க வேண்டும், ஒரு தடவையில் எவ்வளவு பெரிய பொதியை ஏற்கலாம் என்பனவற்றையெல்லாம் யாரேனும் விதித்தாக வேண்டும். கருவி அடுத்த அறையில் இருந்தால் நடந்து போய் விதிக்கலாம். அடுத்த மாநிலத்தில் இருந்தால்?

இவ்வினா 1969-இலேயே எழுந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு அமைத்த ஆர்ப்பாநெட்டின் முதற் கருவி, அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வந்திறங்கியது. ஹனிவெல் கணிப்பொறியொன்றைத் திருத்தி அதனை ஆக்கியவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரின் போல்ட் பெரானெக் அண்டு நியூமன் நிறுவனத்தார். 'இம்ப்' என்று அதற்குப் பெயர். ஆண்டு முடிவதற்குள் நான்கு இம்ப்கள் நான்கு இடங்களில் அமைந்தன, நான்கும் மேற்கே. ஆக்கியவர்களோ கிழக்குக் கரையில். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளைக் காவல் வைப்பது ஆகாத காரியம். ஆதலின், 1970-இல் கேம்பிரிட்ஜிலும் ஓர் இம்ப் அமைந்தபின், ஒவ்வொரு கருவியும் ஏறத்தாழ நிமிஷத்துக்கு ஒரு முறை தன் நலத்தைத் தானே அங்குள்ள கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அறிவிக்குமாறு செய்தனர். ஓர் இடைமுகத்தில் வெளியே செல்வதை அப்படியே உள்ளே திருப்பிவிடும் ஏற்பாடும் இருந்தது. அனுப்பியது பழுதின்றித் திரும்பினால் கருவி நலம், குற்றம் கம்பியில். இவ்வுபாயத்தால், கலிபோர்னியாவின் இரு நகரங்களுக்கிடையே ஓடும் தொலைபேசிக் கம்பி பழுதடைந்ததைக் கேம்பிரிட்ஜில் உட்கார்ந்திருப்பவர்கள் தொலைபேசிக் கம்பெனிக்கு எடுத்துரைப்பர். தங்கள் கம்பியின் பழுதைத் தங்களுக்கு முன்பே மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர் எங்ஙனம் அறிந்தார் என்று கம்பெனியார் முதலில் நம்ப மறுத்தனராம்.

அது ஒரே நிறுவனம் ஆக்கிய ஒரே வகைக் கருவிகளின் காலம். 1980-களின் பிற்பகுதியில் பல கம்பெனிகளின் ரௌட்டர்கள் ஒரே வலையில் கலந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பாஷை. 1988-இல் ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஸ்காஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் ஆகிய நால்வரும் எஸ்.என்.எம்.பி. என்னும் பொது நெறியை வெளியிட்டனர். இணையத்தை நடத்திய வாரியம் அதனைத் தற்காலிக ஏற்பாடாகவே அங்கீகரித்தது. சர்வதேசத் தர அமைப்புகள் வகுத்த பெரிய நெறி பின்னர் வந்து அதன் இடத்தைப் பிடிக்கும் என்று எதிர்பார்த்தது. பெரியது அவ்விடத்தைப் பிடிக்கவில்லை; தற்காலிகமே நிலைத்தது. அலுவலக உலகில் பழகியவர்க்கு இது வியப்பளிக்காது.

அந்நெறியுடன் வந்த இடைமுக அட்டவணையில், என் போன்ற கலைப் பட்டதாரியும் நின்று ரசிக்கத்தக்க ஓர் அமைப்பு உண்டு. ஒவ்வோர் இடைமுகத்துக்கும் இரண்டு நிலைகள் தனித்தனியே எழுதப்பட்டன. ஆள்பவர் விரும்பும் நிலை ஒன்று; உள்ளபடியே இருக்கும் நிலை மற்றொன்று. 'திறந்திரு' என்று முதற் கட்டத்தில் எழுதியிருக்க, 'மூடியிருக்கிறது' என்று இரண்டாவது கட்டம் சொல்லுமாயின், கம்பி அறுந்திருக்கலாம் என்று உடனே ஊகிக்கலாம். கேபினில் நெம்புகோலும் கைகாட்டியின் நிலை காட்டும் கருவியும் அருகருகே இருந்தமை போன்றதே இது.

1990-இல் இன்டராப் கண்காட்சியில் ஜான் ராம்கி என்பவர் ரொட்டி வாட்டும் மின்கருவியொன்றை இந்நெறியால் இயக்கிக் காட்டினார். மின்சாரம் எவ்வளவு நேரம் பாய்கிறதோ அவ்வளவு ரொட்டி சிவக்கும். ரொட்டியை உள்ளே வைக்க மட்டும் ஒரு மனிதர் தேவைப்பட்டார். அடுத்த ஆண்டு அதற்கும் ஒரு சிறு பாரந்தூக்கியை அமைத்துவிட்டனர்!

காட்சிக்கு இது நன்று. நடைமுறையிலோ, கருவிகளின் நிலையை அறிய எஸ்.என்.எம்.பி.யைக் கையாண்டவர்கள், நிலையை மாற்ற அதனை நம்பவில்லை. தொடக்க காலப் பதிப்புகளில் கடவுச்சொல் மறைப்பின்றியே கம்பியில் சென்றது. இடையில் ஒட்டுக் கேட்பவர் எவரும் அதனைப் பெறலாம். மேலும், பத்து மாற்றங்களை ஒருங்கே செய்யப் புகுந்து ஆறாவதில் தடைப்பட்டால், கருவி பாதி பழையதும் பாதி புதியதுமாய் நின்றுவிடும். 2002 ஜூன் மாதத்தில் வலையமைப்புகளை நடத்துவோரும் நெறி வகுப்போரும் ஒரே அறையில் கூடியபோது, நடத்துவோர் இதனை ஒளிவு மறைவின்றி எடுத்துரைத்தனர். அதன் பயனாக 2006-இல் பிறந்தது நெட்கான்ஃப் என்னும் நெறி.

அந்நெறியின் ஓர் ஏற்பாட்டை மட்டும் இங்கே விரித்துரைக்க விரும்புகிறேன். தொலைவிலுள்ள கருவியின் இடைமுகத்தை ஒருவர் திருத்துகிறார். முகவரியில் ஓர் எண் பிழை. கட்டளையை இட்ட கணத்தில் அவருடைய இணைப்பே அறுந்துவிடும். பிழையைத் திருத்த உள்ளே போகும் வழியும் அதுவே ஆதலால், தம் கையாலேயே தம்மை வெளியே தாழிட்டுக்கொண்டவராகிறார். இரவோடு இரவாக ஆள் அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. இதற்குக் கண்ட பரிகாரம் எளியது. மாற்றம் உடனே நடைமுறைக்கு வரும்; ஆயினும் அது தவணையுடையது. குறித்த காலத்துக்குள் — வேறு காலம் குறிக்காவிடில் 600 விநாடிக்குள் — ஆள்பவர் மீண்டும் வந்து உறுதி கூற வேண்டும். உறுதி வராவிடில் கருவி தானே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். உறுதி கூற வந்து சேர முடிந்தது என்பதே பாதை திறந்திருக்கிறது என்பதற்குச் சான்று அன்றோ!

ஆயினும் எல்லாக் கட்டளைகளும் இத்தகைய காவலுடன் புறப்படுவதில்லை. 2021 அக்டோபர் 4 அன்று, நம் நேரப்படி இரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பின்னர், ஃபேஸ்புக்கும் வாட்ஸ்ஆப்பும் உலகெங்கும் ஊமையாயின. வெளி மாநிலத்துத் தமிழ் வீடுகளில் அந்நேரம் ஊரிலுள்ள பெற்றோருடன் பேசும் நேரம்; தம் கைப்பேசியே பழுதென்று எண்ணி அணைத்து ஏற்றியவர் பலர். நடந்தது பின்னர் அந்நிறுவனத்தாராலேயே வெளியிடப்பட்டது. வழக்கமான பராமரிப்பின்போது, தங்கள் முதுகெலும்பு வலையின் கொள்ளளவை மதிப்பிட ஒரு கட்டளை இடப்பட்டது. அது அவ்வலையின் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில் ஒரு குறை இருந்தமையால் அது தடுக்கவில்லை. இடர்க்காலத்துக்கென வைத்திருந்த மாற்று வலையும் அவ்வேளையில் இயங்கவில்லை. பொறியாளர்கள் நேரில் செல்ல நேர்ந்தது. அந்நியர் நுழையாவண்ணம் கட்டிய காவல்கள் சொந்தப் பொறியாளரையும் தாமதப்படுத்தின. சீர்ப்பட ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆயிற்று.

ஓராண்டு நிறைவதற்குள், 2022 ஜூலை 8 அன்று, கனடாவின் ராஜர்ஸ் நிறுவனத்தில் இதன் உடன்பிறப்பு நிகழ்ந்தது. ரௌட்டர் அமைப்பில் ஒரு வடிகட்டி விதியை நீக்கியதால் செய்திகள் வெள்ளமெனப் புகுந்து நடு வலையை மூழ்கடித்தன. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் தொடர்பிழந்தனர். அவசர உதவி எண்ணுக்கும் பலரால் பேச இயலவில்லை. கருவிகளை ஆளும் வலை அந்த நடு வலையையே நம்பியிருந்தமையால், எங்கே பிழை என்று பார்க்கவும் நெடுநேரம் வழியில்லாது போயிற்று. ஊழியர்களின் கைப்பேசிகளும் அதே நிறுவனத்தின் இணைப்பிலேயே இருந்தன. ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்காகப் போட்டிக் கம்பெனிகளின் சிம் அட்டைகளை வரவழைத்த பின்னரே பணி நடந்தது. ஆளும் வலையை நடு வலையிலிருந்து தனியே பிரித்தது அதன் பின்னர்தான்.