படம் பிடிக்கப்பட்டோரும் படம் பிடித்த சிறாரும்

ஒரு மக்களின் வரலாற்றை எழுதுபவர் யார் என்னும் வினாவை நம் சமூகத்துப் பெரியோர் பலமுறை எழுப்பியுள்ளனர். அம்மக்களைப் படம் பிடிப்பவர் யார் என்னும் வினாவும் அதற்கு இளைத்ததன்று. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராய் இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை 1909-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மூக்கையும் தலையையும் அளந்து நடந்த அவ்வாராய்ச்சியில் புகைப்படங்களும் உண்டு. அப்படங்களில் நிற்போருக்குக் குலப்பெயர் இருக்கிறது. பெற்றோர் இட்ட பெயர் பெரும்பாலும் இல்லை.

ஆராயப்படுவோர் கையிலேயே, அதிலும் சிறுவர் கையிலேயே, கேமராவைக் கொடுத்து அவர்களையும் ஆய்வில் பங்காளிகளாக்கும் முறை பிற்காலத்தில் தோன்றியது. அது தோன்றிய விதத்தை அறிய, அமெரிக்க மலைநாடு ஒன்றின் கதை நமக்குப் பெரிதும் உதவும்.

கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே, அப்பலாச்சிய மலைகளில், லெட்சர் என்னும் மாவட்டம் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களே அங்கு அன்றைய பிழைப்பாக இருந்தன. மக்கள் பெரும்பாலும் வெள்ளையரே ஆயினும் ஏழைகள். 1964-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வறுமையின் மீது போர் தொடுப்பதாக அறிவித்தார். உடனே பத்திரிகையாளரும் படப்பிடிப்பாளரும் அம்மலைகளை நோக்கித் திரண்டனர். கிழிந்த சட்டையும் அழுக்கு முகமுமாய் மலைமக்களின் பிள்ளைகள் நாடெங்கும் பத்திரிகைகளில் தோன்றினர். படத்தைப் பார்த்தோர் இரங்கினர். படத்தில் இருந்தோர் கூசினர். இரக்கத்தைப் பெறுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை நம் தெருக்களில் பிறந்தோருக்கு விளக்க வேண்டுவதில்லை.

அந்தக் கூச்சம் 1967 செப்டம்பரில் குருதியில் முடிந்தது. கனடா நாட்டுப் படப்பிடிப்பாளர் ஹ்யூ ஓ'கானர், ஜெரமையா என்னும் ஊரில், வாடகை வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைப் படமெடுத்துக் கொண்டிருந்தார். தொழிலாளி அதற்கு இசைந்திருந்தார். ஆனால் வீட்டுக்குரியவர் துப்பாக்கியோடு வந்து ஓ'கானரைச் சுட்டுக் கொன்றார். கொலைக்கு நியாயம் கற்பிக்க நாம் முன்வரவில்லை. எனினும் உள்ளூரார் பலர் கொன்றவர் பக்கமே நின்றனர் என்பதும், முதல் விசாரணையில் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை என்பதும் அம்மக்களின் மனப்புண் எத்தகையது என்பதைக் காட்டும்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1975-இல், அதே மாவட்டத்திற்கு வெண்டி ஈவால்ட் என்னும் இளம்பெண் வந்தார். அவரும் வெளியூராரே, அவரிடமும் கேமரா இருந்தது. ஆனால் அவர் மலையோரச் சிறு பள்ளிகளில் பிள்ளைகளுக்கே படம் எடுக்கக் கற்பித்தார். கேமராவை இலவசமாக வழங்காமல் பத்து டாலருக்கு வாங்கச் செய்தார். விலை கொடுத்து வாங்கிய பொருள் பிள்ளைக்கே உரியதாகிறது. அதைக் கொண்டு எடுத்த படமும் அவ்வாறே. இதனை நாம் சிறிய செய்தியாகக் கருதவில்லை. இருட்டறையில் படச்சுருளைக் கழுவவும் தாளில் அச்சிடவும் பிள்ளைகளே பழகினர்.

தன்னை, குடும்பத்தை, வளர்ப்பு விலங்குகளை, கனவுகளைப் படமாக்குக என்பதே அவர் கொடுத்த பாடம். கனவை எவ்வாறு படமெடுப்பது? உற்ற நண்பனைத் தான் கொன்றுவிட்டதாகக் கனவு கண்ட சிறுவன் ஒருவன், அந்த நண்பனையே மரக்கவட்டில் சாய்த்துக் கிடத்திப் படம் பிடித்தான். வெளியிலிருந்து வந்த எந்தப் படப்பிடிப்பாளருக்கும் அது கிட்டியிராது. வறுமையைத் தேடி வந்தோர் வறுமையை மட்டுமே கண்டனர். பிள்ளைகளின் படங்களிலோ அச்சமும் குறும்பும் பாட்டியும் பன்றியும் உள்ளன. அப்படங்களும் அவர்கள் வாய்மொழியும் சேர்ந்து 1985-இல் நூலாயின. அந்நூலின் துணைத்தலைப்பே அப்பலாச்சியச் சிறாரின் படங்களும் கதைகளும் என்றுதான் உள்ளது. ஈவால்ட் பின்னர் குஜராத்தின் சிற்றூர் ஒன்றிலும் இவ்வாறே பணியாற்றி 1996-இல் ஒரு நூல் வெளியிட்டார்.

இம்முறைக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. புகைப்படத்தைக் காட்டிப் பேச்சைத் தூண்டும் வழியை ஜான் காலியர் 1957-இல் விளக்கி எழுதினார். 1966-இல் சால் வொர்த்தும் ஜான் அடேரும் அரிசோனாவில் நவஹோ பழங்குடியினர்க்குத் திரைப்படம் எடுக்கக் கற்பித்தனர். 1992-இல் சீனாவின் யுன்னான் மாநிலத்துக் கிராமப் பெண்கள் கேமரா ஏந்தித் தம் குறைகளை அதிகாரிகளுக்குக் காட்டினர்.

சட்டம் பின்னரே வந்தது. ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைத் தொடும் செய்திகளில் கருத்துரைக்கும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. 13-ஆவது பிரிவு, பேச்சாலும் எழுத்தாலும் மட்டுமின்றிக் கலை வடிவிலும் கருத்தை வெளியிடலாம் என்கிறது. இந்தியா இதனை 1992-இல் ஏற்றது. அதே ஆண்டில் ரோஜர் ஹார்ட், சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். கீழ் மூன்று படிகளில் பங்கேற்பே இல்லை என்பது அவர் முடிவு. பிள்ளைகளை அலங்காரமாக மேடையேற்றுவது அவற்றுள் ஒன்று. விழா மேடைகளில் மனப்பாட உரை நிகழ்த்தும் நம் சிறுவர் எந்தப் படியில் நிற்கின்றனர் என்று உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

கேமராவைக் கொடுத்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்றும் நாம் நம்பவில்லை. லெட்சரிலும் பாடத்தை வகுத்தவர் ஆசிரியரே. பிள்ளை எடுக்கும் படத்தில் அண்டை வீட்டாரும் வந்துவிடுவர். அவர் இசைவை யார் பெறுவது? குடிநீர்க் குழாயில் தன்னைத் தடுத்தவரைப் படமெடுக்கும் நம் தெருப்பிள்ளை, படம் வெளியான மறுநாள் அதே வழியாகத்தான் பள்ளிக்குச் செல்ல வேண்டும். எதை வெளியிடுவது, எதை வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வதிலும் பிள்ளைக்குப் பங்கு இருந்தாலன்றி அவனை ஆய்வின் பங்காளி என்று அழைப்பது பொருந்தாது.

ஓ'கானர் கொலையைப் பற்றி 2000-இல் ஆவணப்படம் எடுத்தவர் எலிசபெத் பாரெட். அவர் அந்த மலைநாட்டிலேயே பிறந்தவர். அவரும் ஈவால்டும் இணைந்து 2020-இல் மற்றோர் ஆவணப்படத்தை வெளியிட்டனர். அன்று கேமரா ஏந்திய சிறுவர் சிறுமியர், நடுத்தர வயதில், தாம் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதில் பேசுகின்றனர்.