‘பொம்பளச் சீக்கு’ என்ற சொல்லுக்குப் பின்னால்

கே.கே. நகரில் ஒரு மாணவர் கூட்டம் முடிந்ததும் ஒரு தம்பி தனியாக வந்து கேட்டான்: “அக்கா, ஃபிரண்டு ஒருத்தனுக்கு. பேரு வெளிய தெரியாம டெஸ்ட் எடுக்க முடியுமா?” நோயைவிடப் பெயர் வெளியே போவதற்குத்தான் அவன் பயந்தான். இந்தப் பயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு தோழர்களே.

கே.கே. நகரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கண்டோன்மென்ட், பெயர் சொல்வதுபோலவே ஆங்கிலேயரின் படை முகாம். படைவீரர்களிடையே பால்வினை நோய் பெருகியபோது அரசு 1864இல் கண்டோன்மென்ட் சட்டத்தையும், 1868இல் தொற்றுநோய்கள் சட்டத்தையும் கொண்டுவந்தது. பாலியல் தொழிலாளி என்று கருதப்பட்ட பெண் பதிவு செய்துகொள்ள வேண்டும்; குறித்த நாளில் உடல் பரிசோதனைக்கு வர வேண்டும்; நோய் இருந்தால் ‘லாக் ஆஸ்பத்திரி’யில் அடைக்கப்படுவாள். அவளிடம் வந்துபோன சிப்பாய்க்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. வசதியும் ஆதரவும் இருந்தவர்கள் தப்பினார்கள். மாட்டியவர்கள் ஏழைப் பெண்கள். விளைவு? பெண்கள் பதிவேட்டிலிருந்து ஒளிந்தார்கள், நோயையும் மறைத்தார்கள். 1888இல் அந்தச் சட்டம் ரத்தானது.

சட்டம் போனது, பழக்கம் போகவில்லை. 1986இல் சென்னையில் டாக்டர் நிர்மலாவும் பேராசிரியர் சுனிதி சாலமனும் பாலியல் தொழிலாளிகளின் ரத்த மாதிரிகளைச் சோதிக்க ஏற்பாடு செய்தார்கள். ஆறு பெண்களுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்போதுதான். அடுத்து வந்த ஆண்டுகளில், தொற்று இருக்கிறது என்பதற்காகவே தண்டனைக் காலம் முடிந்த பெண்களையும் காப்பகங்களில் அடைத்து வைத்தார்கள். அவர்களை விடுவிக்க நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

2000களின் தொடக்கத்தில் வந்த ‘புள்ளிராஜா’ விளம்பரம்தான் கேள்வியை ஆணை நோக்கித் திருப்பியது. ஆனால் நாமோ அந்தப் பெயரையே கேலிப் பேச்சாக்கிவிட்டோம்.

ஓர் உடலை அசுத்தம் என்று முத்திரை குத்தி ஒதுக்கும் தீட்டை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘பொம்பளச் சீக்கு’ என்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதைச் சொல்லும் ஆண், தன்னிடமிருந்தும் நோய் பரவும் என்பதை மறக்கிறான். ஆணுறை கேட்கும் பெண் ‘அப்படிப்பட்டவள்’ ஆகிறாள். ஆணுறை வைத்திருக்கும் பையன் சந்தேகத்துக்கு ஆளாகிறான். ஆகவே இருவருமே கையில் எடுப்பதில்லை. அறிகுறி தெரிந்தாலும் மருத்துவரிடம் போகாமல், மருந்துக் கடையில் ஏதோ ஒரு மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள்.

அந்தத் தம்பியிடம் சொன்னேன்: மேகவெட்டை, சிபிலிஸ் இரண்டுமே உரிய மருந்தால் குணமாகும். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஒப்புதல் கட்டாயம். முடிவை வெளியே சொல்லக் கூடாது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். 1097க்கு அழைத்தும் விவரம் கேட்கலாம்.

அந்த ‘ஃபிரண்டு’ யார் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் யாரிடமும் கேட்காதீர்கள்.