மூசி நதியும் ஐதராபாத் நகரமும்

கண்டிப்பேட்டைத் தண்ணீரைக் குடித்தவர் இந்நகரை விட்டுப் போகமாட்டார் என்று ஐதராபாத்தில் ஒரு வழக்கு உண்டு. சில ஆண்டுகள் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று வந்து, பேரன் பேத்தி கண்ட பின்னும் இங்கேயே வாழும் நம் சங்கத்துக் குடும்பங்கள் அதனை மறுக்கமாட்டா. ஆனால் அந்த நீர்த்தேக்கம் குடிநீருக்காக மட்டும் எழுந்ததன்று.

1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி நதி கரை கடந்து நகருக்குள் புகுந்தது. மாண்டோர் 15,000 பேர் வரை இருக்கலாம் என்பர். அப்சல், முசல்லம் ஜங், சாதர்காட் ஆகிய மூன்று பாலங்களும் சிதைந்தன. 1578-இல் கட்டிய புராணா புல் மட்டுமே எஞ்சி நின்றது. இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் உள்ள புளியமரத்தின் மீது ஏறி ஏறத்தாழ 150 பேர் உயிர் தப்பினர்.

பம்பாய் அரசாங்கப் பணியினின்று விலகி அயல்நாடுகளில் பயணம் செய்துகொண்டிருந்த பொறியியல் அறிஞர் விசுவேசுவரய்யாவை நிஜாம் அரசாங்கம் அழைத்தது. 1909-இல் வந்த அவர், நகருக்குள் ஓடும் ஆற்றை மட்டும் பார்த்து நின்றுவிடவில்லை. மேலேயுள்ள நீர்ப்பிடிப்பு நிலம் முழுவதையும் ஆராய்ந்தார். அதன் பரப்பு 862 சதுர மைல். அதில் 788 ஏரிகள் இருந்தன. அதாவது சதுர மைலுக்கு ஏறத்தாழ ஓர் ஏரி! அவற்றுள் 221 ஏரிகள் அம்மழையில் உடைந்திருந்தன. ஏரிப் பாசன நாட்டில் பிறந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஓர் ஏரியின் கலிங்கில் வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். மேலேரியின் கரை உடைந்தாலோ, மழைநீரோடு அவ்வேரியின் நீரும் சேர்ந்து கீழேரியின் கரையைத் தாக்கும். இப்படிச் சங்கிலித் தொடராய் உடைந்த வெள்ளமே நகரின்மேல் வந்து விழுந்தது.

அவர் கூறிய பரிகாரம், நகருக்கு மேலே மூசியிலும் அதன் கிளையான ஈசியிலும் இரு பெரு நீர்த்தேக்கங்கள் அமைப்பது. வெள்ளம் வருங்கால் அதனைத் தேக்கி, ஆறு தாங்கும் அளவே வெளியே விடுவது அவற்றின் வேலை. குடிநீர் அதனோடு கிடைத்த மற்றொரு பயன். கண்டிப்பேட்டை என வழங்கும் உஸ்மான் சாகர் 1920-இலும், ஹிமாயத் சாகர் 1927-இலும் முடிவுற்றன. 1912-இல் அமைந்த நகர அபிவிருத்தி வாரியம் நெருக்கமான குடியிருப்புகளை அகற்றிச் சாலைகளும் பூங்காக்களும் சமைத்தது. நிலத்தடிச் சாக்கடைத் திட்டத்திற்கும் விசுவேசுவரய்யாவின் ஆலோசனை பெறப்பட்டது.

ஆற்றுக்குக் காவல் ஏற்பட்டது. நகருக்குள்ளேயே பெய்யும் மழைக்கோ, காவலாய் இருந்தவை ஊர் ஏரிகளும் அவற்றை இணைத்த நாலாக்களுமே. நகரம் பெருகப் பெருக அவை தூர்ந்தன. மாசாப் டாங்க் என்னும் பேட்டைக்குப் பெயர் தந்த ஏரியை இன்று அங்கே தேடினால் காண்பது கடினம். ஏரியின் உள்வாயில் மனை போட்டு விற்றவர்கள் பணத்தோடு போய்விட்டனர். முழங்கால் நீரில் நிற்பவர்கள் வாங்கியவர்கள்.

2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-இல் பேகம்பேட்டையில் ஒரே நாளில் 24 சென்டிமீட்டர் மழை பெய்து தாழ்ந்த பகுதிகள் மூழ்கின. அதன் பின் கிர்லோஸ்கர் ஆலோசகர்கள் 2003-இல் அளித்த அறிக்கை, நாலாக்களை அகலப்படுத்தவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் கூறிற்று. செயல் பின்தங்கியது. 2020 அக்டோபரில் பல்லெ செருவும் குர்ரம் செருவும் உடைந்து பல குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. 1908-இல் ஊருக்கு வெளியே உடைந்த ஏரிகளின் கதை இம்முறை ஊருக்குள்ளேயே நடந்தது. 2021-இல் நாலாக்களைச் சீர்செய்யத் தனித்திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது.

புதிதாக மனை வாங்க எண்ணும் அன்பர்களுக்கு ஒரு செய்தி: ஏரிகளின் முழு நீர்மட்ட எல்லையைக் காட்டும் வரைபடங்களைப் பெருநகர வளர்ச்சி ஆணையம் வெளியிட்டு வருகிறது. பத்திரத்தைப் பார்க்குமுன் அதனைப் பார்த்துவிடலாம்.