மருந்து விலகலிலிருந்து மீள்வோரின் பொழுதுபோக்குகள் (திருச்சிராப்பள்ளி, திருவரங்கம்)

மருத்துவர் எழுதிக்கொடுத்து நெடுநாள் உட்கொண்ட தூக்க மாத்திரை, பதற்றம் தணிக்கும் மருந்து, மனச்சோர்வு மருந்து ஆகியவற்றைக் குறைக்கும்போதும் நிறுத்தும்போதும் உடலும் மனமும் படும் பாடு மருந்து விலகல் எனப்படும். அதிலிருந்து மீளும் காலத்தில், மழுங்கிய ஆர்வத்தை மீட்பதற்காக மேற்கொள்ளும் கைவேலை, நடை, இசை, தோட்டம், கூட்டுக் கலை முதலியன இக்கட்டுரையின் பொருள். மது, கஞ்சா ஆகியவற்றின் விலகல் இதில் சேராது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவும், காவிரியின் தென்கரையிலுள்ள திருச்சிராப்பள்ளியும் இங்கு சான்றாகக் கொள்ளப்படுகின்றன. நோய் தீர்க்கும் இடம் கோயில் மதிலுக்குள் இருந்ததற்குத் திருவரங்கத்தில் கல்வெட்டுச் சான்று உண்டு. மனநல மருத்துவத்தைப் பெருமருத்துவமனைக்கு வெளியே கொண்டுசென்ற திட்டம் தமிழகத்தில் முதலில் தொடங்கியதும் இம்மாவட்டத்தில்தான்.

முன்வரலாறு

திருவரங்கம் கோயிலுக்குள் ஆரோக்கியசாலை ஒன்று இயங்கியது. போசளர் காலத்தில் அமைந்து, பின்னர் படையெடுப்பில் சிதைந்துபோன அச்சாலையை ஸ்ரீரங்கம் கருடவாகன பட்டர் புதுப்பித்தார் என்றும், அங்கே தன்வந்திரியை எழுந்தருளச் செய்தார் என்றும் சக ஆண்டு 1415இல், அதாவது கி.பி. 1493இல், பொறிக்கப்பட்ட கல்வெட்டு கூறுகிறது. தன்வந்திரி சந்நிதி இன்றும் வழிபாட்டில் உள்ளது. கோயிலின் வரலாற்றைச் சொல்லும் கோயிலொழுகு இந்த ஏற்பாட்டை இராமானுசர் காலத்துக்கே கொண்டுசெல்கிறது. கருடவாகனர் என்ற பெயருடைய மருத்துவரிடம் ஆரோக்கியசாலையை அவர் ஒப்படைத்தார் என்றும், இரவில் பெருமாளுக்குக் கஷாயம் அமுது செய்விக்கும் வழக்கம் அப்போது ஏற்பட்டது என்றும் அந்நூல் உரைக்கும். மருத்துவர் குடும்பத்தின் பெயர் தலைமுறைகளைத் தாண்டித் தொடர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது.

இதற்கு முற்பட்ட சான்று காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் கிடைக்கிறது. வீரராசேந்திர சோழனின் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவசாலையையும், மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள் ஆகியோருக்குரிய ஊதியத்தையும், சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளையும் பட்டியலிடுகிறது. அதே வளாகத்தில் வேதபாடசாலையும் மாணவர் விடுதியும் இருந்தன. நோயாளி ஓதல் ஒலி கேட்கும் தொலைவில் படுத்திருந்திருக்கலாம். பிற்கால மனநோயாளர் காப்பகங்களில் இவ்வமைப்பு காணாமற்போனது பேரிழப்பு.

1858ஆம் ஆண்டுக் காப்பகச் சட்டத்திற்குப் பின் சென்னை மாகாணத்தில் திருச்சினாப்பள்ளியிலும் ஒரு மனநோயாளர் காப்பகம் ஏற்பட்டது. அக்காலக் காப்பகங்களில் நோயாளிகளுக்குத் தோட்டவேலையும் நெசவும் தரப்பட்டன. ஆயினும் அது நிருவாகத்துக்கு ஆன வேலை. விரும்பியதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிக்கு இல்லாததால் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல இயலாது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் தொழிற்பயிற்சி வழி மறுவாழ்வுக்கு இடம் கொடுத்தார். 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் மனநல நிறுவனத்தைத் தொடங்கினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, பாகாயத்தில் 1957இல் தொடங்கிய மனநல மையத்தில் உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்குவதை வழக்கமாக்கியது. வீட்டார் கண்முன்னே ஒருவர் மீண்டும் கைவேலை பழகுவது வீடு திரும்பிய பின்னும் அது தொடர உதவும் என்பதால், இம்முறை பிறவற்றினும் மேலானது.

மருந்துகளின் வரலாறு தனி. குளோர்டயசெபாக்சைடு 1960இலும் டயசெபம் 1963இலும் சந்தைக்கு வந்தன. இரண்டும் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளரின் ஆய்விலிருந்து பிறந்தவை. பழைய பார்பிட்டுரேட்டுகளைவிடப் பாதுகாப்பானவை என்ற நற்பெயரோடு அவை பரவின. நற்பெயர் நெடுநாள் நீடித்ததே கேடாயிற்று. இங்கிலாந்தின் நியூகாசிலில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை இம்மருந்துகளை விடுவோருக்கென்றே ஒரு மருத்துவ நிலையம் நடத்தி, தம் பட்டறிவை 1999இல் கையேடாக வெளியிட்டார். இந்தியாவில் அல்ப்ரசோலம், டயசெபம், சோல்பிடெம் முதலியவை 2014 மார்ச்சு முதல் மருந்து விதிகளின் எச்1 அட்டவணையின்கீழ் வந்தன. அதன்படி மருந்துக் கடைக்காரர் சீட்டின் விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும்.

ஆர்வம் ஏன் மங்குகிறது

தூக்க மாத்திரை வகையைச் சேர்ந்த பென்சோடயசெபைன்கள் மூளையில் காபா என்னும் அமைதிப்படுத்தும் வேதிப்பொருளின் செயலைக் கூட்டுகின்றன. நெடுநாள் உட்கொண்டால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மருந்து விலகும்போது அமைதிப்படுத்தும் பக்கம் தளர்ந்து, தூண்டும் பக்கம் ஓங்குகிறது. படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை, ஒலியும் ஒளியும் பொறுக்கமாட்டாமை ஆகியவை இதன் வெளிப்பாடு. திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரலாம். ஆகவே மருத்துவரின் மேற்பார்வையின்றி எவரும் தாமாக நிறுத்தலாகாது. மனச்சோர்வு மருந்துகளின் விலகலில் தலைச்சுற்றல், தலைக்குள் மின்னதிர்வு போன்ற உணர்ச்சி, எரிச்சல், காரணமற்ற அழுகை மிகுதி. பராக்ஸெடின், வென்லாஃபாக்சின் ஆகியவற்றில் இது கடுமை. உடலில் நெடுநேரம் தங்கும் ஃபுளுவாக்ஸெடினில் குறைவு. ஓரிரு வாரத்தில் தீரும் எனப் பழைய நூல்கள் கூறின. ஆனால் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். அதனைப் பழைய நோய் திரும்பிவிட்டதாகக் கொண்டு மாத்திரையை மீண்டும் கூட்டுவது பரவலான தவறு. கடைசிச் சில மில்லிகிராம்களைக் குறைப்பதே கடினம் என்பதை ஆய்வாளர்கள் ஹோரோவிட்ஸ், டெய்லர் ஆகியோர் 2019இல் விளக்கினர்.

இந்நிலையில் இருப்பவர் "மனசு எதுலயும் ஒட்டலை" என்பார். பிடித்த பாட்டும் பிடிக்காது. வீட்டார் இதைச் சோம்பல் என்று எண்ணுவர். சோம்பலன்று, இன்பத்தை உணரும் திறன் தற்காலிகமாக அடங்கியிருக்கிறது. ஆர்வம் வந்தபின் தொடங்கலாம் என்று காத்திருந்தால் அது வராது. சிறிதாகத் தொடங்கிவிட்டால் ஆர்வம் பின்னால் வந்து சேரும். உளவியலாளர் பீட்டர் லெவின்சோன் 1970களில் இக்கொள்கையை மனச்சோர்வுக்கான சிகிச்சையாக வளர்த்தார். அவரும் மக்ஃபில்லமியும் தொகுத்த இன்பச் செயல்களின் பட்டியலில் 320 செயல்கள் இருந்தன. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவப் படிப்பில்லாத ஆலோசகர்களே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இதனைப் பயிற்றிப் பயன் கண்ட ஆய்வு 2017இல் வெளியாயிற்று. மனச்சோர்வுக்குக் கண்ட இவ்விதி விலகலுக்கும் பொருந்தக்கூடும்.

வகைப்பாடு

இவ்வூரில் கிடைக்கும் பொழுதுபோக்குகளைக் கைவழி, கால்வழி, செவிவழி, கூட்டுவழி என நான்காகப் பகுக்கலாம். இவற்றுள் கைவழியே தொடக்கத்துக்கு ஏற்றது. நினைவாற்றலையும் பேச்சையும் அது மிகுதியாகக் கேட்பதில்லை.

கைவழியில் முதலாவது கோலம். திருவரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதி வாசல்களில் இது அன்றாட வழக்கம். புதிதாக எதையும் வாங்கவேண்டியதில்லை. கைநடுக்கம் உள்ளவர் ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளியில் தொடங்குவது நன்று. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே மாவை விடும்போது நடுக்கத்தால் கோடு தடித்தும் அறுந்தும் விழும். புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குள் முடிந்துவிடும் குறுங்கோடானால் அக்குறை தெரியாது. அரிசி மாவைவிடச் சற்றுப் பருமனான கல்மாவு சீராக இறங்கும். அறுபடாமல் ஓடவேண்டிய சிக்குக்கோலமும், அரைத்த மாவைத் துணியில் தோய்த்து விரல்வழி வழியவிடும் இழைக்கோலமும் நடுக்கம் தணிந்த பின்னரே. குனிந்து நிமிரும்போது தலைசுற்றுமாதலால் மணையில் அமர்ந்து போடவேண்டும். அதிகாலையில் எழ இயலாதவர் மாலையில் போடலாம். மார்கழிக் கோலத்துக்குரிய நேர நியமம் நோயாளிக்கு இல்லை.

அடுத்தது பூத்தொடுத்தல். திருவரங்கத்தில் பூமாலைக்குத் தனிப் பெருமை உண்டு. தொண்டரடிப்பொடியாழ்வார் இங்கே நந்தவனம் அமைத்து அரங்கனுக்கு மாலை கட்டினார் என்பது மரபு. நனைத்த வாழைநாரில் இரண்டு மொட்டுகளை இப்பக்கமும் இரண்டை அப்பக்கமும் வைத்து, நாரைச் சுற்றி முடிச்சிட்டு இறுக்கவேண்டும். மிகுதியாக இழுத்தால் காம்பு அறுந்துவிடும். தளர்த்தினால் பூ உதிரும். இந்த அளவான இறுக்கத்தைத் தேடும் நேரத்தில் படபடப்பு பின்னுக்குப் போகிறது. கெட்டியான குண்டுமல்லியில் தொடங்குக. கனகாம்பரம் மெல்லியது, பழகிய கைக்கே வசப்படும். தொடுத்தது ஒரு முழமானாலும் சந்நிதிக்குக் கொடுத்துவிடலாம் என்பது எல்லா ஊரிலும் எளிதில் கிட்டாத வாய்ப்பு. செய்த வேலை அன்றே பயன்பட்டுவிடுகிறது. கையெழுத்துப் பத்திரிகை நடத்துவதும் கைவழியைச் சேர்ந்ததே. கவிஞர் வாலி இளமையில் திருவரங்கத்தில் அவ்வாறு ஒன்று நடத்தினார்.

கால்வழி நடை. உத்தர வீதியும் சித்திரை வீதியும் மேடுபள்ளமின்றிக் கோயிலைச் சதுரமாகச் சுற்றி வருபவை. களைத்தால் அடுத்த மூலையில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். மலைக்கோட்டைப் படிகள் செங்குத்தானவை. தலைச்சுற்றல் நீங்கும்வரை அவற்றைத் தள்ளிவைக்கவேண்டும். அம்மா மண்டபப் படித்துறையில் தனியே ஆற்றில் இறங்குவதும் கூடாது. வலிப்பு வாய்ப்புள்ளவருக்கு முழங்காலளவு நீரும் ஆபத்து. தீவின் மேல்பகுதியில் மேலூரில் 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, உட்கார்ந்த இடத்தில் கவனத்தைப் பழக்க நல்ல இடம்.

செவிவழியில் வானொலி முதன்மையானது. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 முதல் ஒலிபரப்புகிறது. என்ன கேட்பது என்று தேடித் தேர்ந்தெடுக்கவேண்டிய சுமை இல்லாததால், கைப்பேசியைவிட வானொலி மேல். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைச் சந்தை முறையில் கற்பதும் இவ்வகை. ஆசிரியர் ஒருமுறை சொல்ல மாணவர் இருமுறை திருப்பிச் சொல்வதால், மறதி மிகுந்த இக்காலத்திலும் தோற்றோம் என்ற எண்ணம் எழாது.

கூட்டுவழிக்கு நாடகமும் இசையும் உரியவை. தென்னிந்திய இரயில்வே அதிகாரியான எஃப்.ஜி. நடேச ஐயர் திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கியதும், சிறுவன் தியாகராஜ பாகவதர் அங்கே அரிச்சந்திர நாடகத்தில் மேடையேறியதும் அறிந்தவையே. கூட்டம் கடைசிப் படி. வைகுண்ட ஏகாதசியின் பகல்பத்து, இராப்பத்து நாள்களில் தெருவெங்கும் ஒலியும் நெரிசலும் மிகும். ஒலி பொறாதவர் அந்நாள்களில் வீட்டுக்குள் கைவேலையோடு இருப்பதே நலம்.

நீடிக்கச் செய்தல்

பொழுதுபோக்கு அறுந்துபோவது பெரும்பாலும் மருந்தளவைக் குறைத்ததை ஒட்டிய நாள்களில். அப்போது அதையும் குறைக்கவேண்டும், நிறுத்தலாகாது. ஐந்து புள்ளி மூன்று புள்ளியாகட்டும். நான்கு வீதி நடை ஒரு வீதியாகட்டும். எவ்வளவு செய்தோம் என்பதைவிட அன்று அந்த இடத்தில் உட்கார்ந்தோம் என்பதே கணக்கு. முதல் மாதத்தில் வீணை, தையல் எந்திரம் என்று பணம் செலவழிப்பது தவிர்க்கத்தக்கது. வாங்கிய பொருள் மூலையில் கிடந்து நாளும் குற்றம் சாட்டும். நன்றாகத் தொடுக்கிறாள் என்று அக்கம்பக்கத்தார் மாலை சொல்லி வைக்கத் தொடங்கினால் வீட்டார் குறுக்கிட்டு மறுக்கவேண்டும். கெடு வந்தால் படபடப்பும் கூடவே வரும். "இன்னிக்குப் போடலியாம்மா?" என்று மாமியார் கேட்பது சிலருக்கு ஊக்கம், சிலருக்கு இடித்துரை. கேட்காமல் மாவுக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்து அருகில் உட்கார்வது பெரும்பாலோருக்கு உதவும்.

ஆண்களுக்குத் தொல்லை அதிகம். கோலமும் பூவும் பெண்ணுக்குரியவை என்று ஒதுக்கிவிட்டு, வேலைக்கும் போகாமல், செய்தித்தாளோடு திண்ணையில் முடங்குவோர் பலர். திருவரங்கத்தில் ஆண்களும் மாலை கட்டும் கைங்கரியம் மரபாகவே இருப்பதால் இத்தயக்கத்துக்கு இங்கே இடமில்லை.

இன்றைய நிலை

தேசிய மனநலத் திட்டத்தின் (1982) தொடர்ச்சியாக 1996-97இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழகத்தில் தேர்வானது திருச்சிராப்பள்ளி. பின்னர் அது பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. நகரில் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை உள்ளது; 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.